தூத்துக்குடிக்காரன் உப்பு வாங்கிய கதை

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த ஒருத்தன், புனேயில் உட்கார்ந்துகொண்டு கிலோ முந்நூறு ரூபாய் கொடுத்து உப்பு வாங்கினான் என்றால் ஊரில் சிரிப்பார்களா, மாட்டார்களா? சிரித்தார்கள். முதலில் சிரித்தது எங்கப்பா. முப்பத்தைந்து வருஷம் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர்.

"ஏலேய், உப்புக்கு முந்நூறு ரூவாயா? நம்ம ஊர்ல அம்பாரம் அம்பாரமா குமிஞ்சு கெடக்கு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வரும்போது ஒரு மூட்ட கொண்டாந்திருப்பேன்லா!"

அந்த மூட்டை ஏன் ஆகாது என்பதைப் பிற்பாடு எனக்குப் புரியவைத்ததும் அதே அப்பாதான். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

எல்லாம் மகளால் வந்தது. நெமோ படம் 2003ல் வந்தது. அவள் பிறப்பதற்கு ரொம்ப முன்னாடி. ஆனாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் விடுவதில்லையே. பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள். "அப்பா, உங்க ஊர் கடல்ல நெமோ இருக்கா?" பதினெட்டு வயசு வரை தினமும் அந்தக் கடலைப் பார்த்தவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. (தேடிப் பார்த்தேன். மன்னார் வளைகுடாவில் கோமாளி மீன் உண்டு, ஆனால் வேற ஜாதி. படத்தில் வருகிற ஆரஞ்சு ஜாதிக்கு அந்தமான் பக்கம் போகணும்.)

தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "நம்ம வீட்டுலயே ஒரு கடல் வச்சிடலாம்"னு சொல்லிவிட்டேன். தங்கமணி ஒரு பார்வை பார்த்தாங்க. வீட்டில் ஏற்கெனவே மூலையில் கிடக்கிற கிட்டாரையும், துணி காயப்போடுகிற ட்ரெட்மில்லையும் சேர்த்துப் பார்த்த பார்வை அது.

நம்மதான் பொட்டி தட்டுகிற ஆளாச்சே. ஒரு மாசம் ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் படித்தேன், படம் பார்த்தேன். பார்த்த படமெல்லாம் நீல வெளிச்சத்தில் பவளங்கள் மின்னுகிற படம். அதனால் நான் முதலில் வாங்கியது என்ன? லைட்டு! இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு எல்.இ.டி. பெட்டி. போனிலிருந்தே சூரிய உதயம், அஸ்தமனம் எல்லாம் வைக்கலாம். மிச்ச காசில் இரண்டடித் தொட்டி, ஒரு சின்ன ஃபில்டர், இரண்டு கோமாளி மீன்.

ஏப்ரல் மாசம் ஒரு சனிக்கிழமை மகாபலேஷ்வர் போயிருந்தோம். ராத்திரி திரும்பி வந்தால் அபார்ட்மென்டே இருட்டு. காலையிலிருந்து கரண்ட் இல்லையாம். செல்போன் வெளிச்சத்தில் தொட்டியைப் பார்த்தேன். இரண்டும் மல்லாக்கக் கிடந்தன. தண்ணீரில் கை வைத்தால் குளிக்க வைத்த வெந்நீர் மாதிரி இருந்தது.

மகள் அழவில்லை. "அதுங்களுக்கு வலிச்சிருக்குமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். இதுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்று நாள் கழித்துத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தபோதுதான் உறைத்தது. நான் கண்ணுக்குத் தெரிகிற சாமானை முதலில் வாங்கியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத சாமானை வாங்கவே இல்லை. வெப்பம், மூச்சு, கரண்ட் இந்த மூன்றுக்கும் பத்து பைசா ஒதுக்கவில்லை. ஆரம்பிக்க நினைக்கிற நண்பர்களுக்கு நான் சொல்வதும் இந்த ஒன்றுதான். எது நின்றுபோனால் உயிர் போகுமோ அதை முதலில் வாங்குங்க. எது அழகாக இருக்குமோ அதைக் கடைசியில் வாங்குங்க.

அந்த மே மாசம் அப்பா வந்தார். இரண்டாவது தொட்டிக்கு வாங்கி வைத்திருந்த உப்பு வாளியைப் பார்த்துத்தான் மேலே சொன்ன டயலாக். நான் விளக்கப் பார்த்தேன். "அப்பா, இதுல கால்சியம், மக்னீசியம் எல்லாம் கடல்ல இருக்குற அளவுக்கே இருக்கும். சாதா உப்புல அது இருக்காது."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "அது வாஸ்தவந்தாம்லே. நாங்கதான் அதையெல்லாம் பிரிச்சு எடுத்துருதோமே."

பிறகு நடந்தது ஒரு வகுப்பு. கடல் தண்ணீர் அவர் கணக்கில் மூன்றரை டிகிரி. போமே டிகிரி. கண்ணாடியில் மிதவை மாதிரி ஒன்று இருக்கும். தண்ணீரில் விட்டால் எவ்வளவு முங்குகிறதோ அதை வைத்து டிகிரி பார்ப்பார்கள். தெப்பத்தில் வெயிலில் காயக் காய டிகிரி ஏறும். முதலில் சுண்ணாம்பு கீழே படியும். பதிமூன்று பதினாலுக்கு மேல் ஜிப்சம் படியும். இருபத்தைந்து டிகிரி வந்த பிறகுதான் பாத்தியில் உப்பு பூக்கும். முப்பதை எட்டுவதற்குள் வாரிவிட வேண்டும். மிஞ்சுகிற தண்ணீர் கசக்கும். மக்னீசியம் எல்லாம் அதில் போய்விடும்.

அதாவது நம் வீட்டு உப்பில் கால்சியம் முன்னாடியே கழன்றுவிட்டது, மக்னீசியம் பின்னாடி போய்விட்டது. நடுவில் இருக்கிற சோடியம் குளோரைடுதான் மூட்டைக்கு வருகிறது. சாம்பாருக்கு அது போதும், நத்தைக்கும் பவளத்துக்கும் போதாது. ஒரு மாசம் படித்தும் மண்டையில் ஏறாதது ஐந்து நிமிஷத்தில் ஏறியது. முப்பத்தைந்து வருஷம் அந்த மனுஷன் செய்த வேலை என்னவென்று எனக்கு நாற்பத்திரண்டு வயசில்தான் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, இனி சாமான் பட்டியல். இரண்டாவது தடவை நான் வாங்கிய வரிசையிலேயே சொல்கிறேன்.

தொட்டி. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 190 லிட்டர். சின்னத் தொட்டி சுலபம் என்பது தப்புக் கணக்கு. தண்ணீர் குறைச்சலாக இருந்தால் சூடும் உப்பும் அழுக்கும் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். புதுசாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு நிதானமாக மாறுகிற தண்ணீர்தான் வேண்டும். ஆனால் தண்ணீரே 190 கிலோ, கண்ணாடியும் கல்லும் மணலும் ஸ்டாண்டும் தனி. நாங்கள் இருப்பது நாலாவது மாடி. அதனால் ஹால் நடுவில் வைக்காமல், பீம் போகிற சுவரை ஒட்டி வைத்தோம்.

சம்ப். தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் இன்னொரு இரண்டடித் தொட்டி. மேலே இருந்து தண்ணீர் வழிந்து இதற்கு வரும், பம்ப் திரும்ப மேலே தள்ளும். கருவிகள் எல்லாம் இதில் ஒளிந்துகொள்ளும். ஒரு எச்சரிக்கை: கரண்ட் போனால் மேலே இருந்து கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கும். அதைத் தாங்குகிற அளவு சம்பில் காலி இடம் விடணும். இல்லாவிட்டால் கீழ் வீட்டுக்காரர் மராத்தியில் நமக்குத் தெரியாத வார்த்தையெல்லாம் கற்றுக்கொடுப்பார்.

தண்ணீர். எங்கள் அபார்ட்மென்டுக்கு டேங்கர் தண்ணீர். டி.டி.எஸ். அறுநூறு காட்டும். குடிக்கிற ஆர்.ஓ.வில் பிடித்தால் நாற்பது ஐம்பது. அதுவும் ஆகாது. பின்னாடி டி.ஐ. என்று ஒரு ரெசின் குழாய் சேர்த்து, பூஜ்யம் காட்டுகிற தண்ணீரில்தான் உப்பைக் கரைக்கணும். இல்லாவிட்டால் மிச்சமிருக்கிற பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் பாசிக்குச் சாப்பாடு போடும். "மும்பைக் கடல்லேர்ந்து கேன்ல பிடிச்சுட்டு வந்தா என்ன?" என்று தங்கமணி கேட்டாங்க. நகரத்துக் கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். விட்டுவிட்டோம்.

உப்பும் அதன் அளவும். லிட்டருக்கு 35 கிராம். முதல் தடவைக்கு ஏழு கிலோ சொச்சம் பிடித்தது. அப்பா தன்னுடைய பழைய கண்ணாடி மிதவையை அடுத்த தடவை பையில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். ஆனால் அதில் பூஜ்யத்திலிருந்து முப்பது வரை கோடு. எனக்கு வேண்டியது மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இத்தனூண்டு இடம். அதனால் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் போதும். 1.025 அல்லது 1.026 இருக்கணும். அப்பா கணக்கில் அதே மூன்றரை டிகிரி!

அன்றாட ஆவி. வெயில் காலத்தில் எங்கள் தொட்டியில் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வரை குறைகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது. ஆகவே ஊற்றவேண்டியதும் உப்பில்லாத டி.ஐ. தண்ணீர்தான். நான் முதல் தொட்டியில் குறைந்ததுக்கெல்லாம் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன்! "வீட்டுக்குள்ள உப்பளம் போட்டிருக்கேலே"ன்னு அப்பா சொன்னார். தானாக நிரப்புகிற கருவி கிடைக்கிறது, மிதவை வைத்தது. வாங்கிவிடுங்க. மனுஷனுக்கு மறதி ஜாஸ்தி.

சில்லர். இருக்கிறதிலேயே கசப்பான செலவு, முப்பத்தி நாலாயிரம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் ஹீட்டர் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். நமக்கு எதிரி வேற. தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்கணும். புனேயில் ஏப்ரலில் வெளியே நாற்பதைத் தொடும். மேலே மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், பதிலுக்குத் தண்ணீர் இன்னும் வேகமாக ஆவியாகும். நான் சில்லருக்கே போனேன். சில்லரை ஸ்டாண்டுக்குள் பூட்டி வைக்காதீங்க, அது விடுகிற சூடு வெளியே போகணும். டிசம்பர் ராத்திரிக்கு ஒரு சின்ன ஹீட்டரும் உண்டு, இங்கே குளிர் பத்து டிகிரிக்கு இறங்கும்.

கரண்ட். என் முதல் இரண்டு மீன்களைக் கொன்றது இதுதான். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் நிற்கும். பம்பும் நின்றால் மூச்சு முட்டிவிடும். இப்போது பம்பும் வேவ்மேக்கரும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு பல்பு அளவுக்குக்கூட இழுக்காது. சில்லரை இன்வெர்ட்டர் தாங்காது. அதுக்கும் மேலே, கரண்ட் போனால் தானாக ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் இரண்டு. விலை ஒன்று ஆயிரத்து இருநூறு. இருபத்திரண்டாயிரம் ரூபாய் லைட்டு காப்பாற்றாததை இது காப்பாற்றியிருக்கும். நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசையும்.

ஸ்கிம்மர். சின்னச் சின்னக் குமிழியாகக் காற்றைத் தண்ணீரில் கலக்கும். மீன் கழிவிலிருந்து வருகிற பிசுக்கு குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி, கோப்பையில் விழும். காற்றடிக்கிற நாளில் கடற்கரையில் ஒதுங்குமே பழுப்பு நுரை, அதே வேலை. தினமும் கோப்பையைக் கழுவும்போது நாற்றம் குடலைப் புரட்டும். அது தொட்டியில் இல்லாமல் கோப்பையில் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்ளணும்.

டெஸ்ட் கிட்டும் பொறுமையும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், கார மதிப்பு. இந்த நாலும் முதலில் போதும். தண்ணீர் ரெடியானதும் மீன் விடக்கூடாது. கொஞ்சம் மீன் சாப்பாட்டைப் போட்டு அழுகவிட்டு, அம்மோனியா ஏறி, அதைத் தின்கிற பாக்டீரியா பெருகி, பிறகு நைட்ரைட் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. தினமும் சாயங்காலம் மகள்தான் சொட்டு விட்டு, கலர் பார்த்து, நோட்டில் எழுதினாள். வெறும் கல்லும் தண்ணீரும் உள்ள தொட்டியை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் இந்தத் தடவை சரியாக வரும் என்று எனக்கு நம்பிக்கையே வந்தது.

இப்போ முக்கியமான விஷயம். பவளம்.

பழைய லைட்டு இருக்கிறது, நல்ல தொட்டி இருக்கிறது, பவளம் வைத்தால்தானே ரீஃப்? கடைக்குப் போனேன், அப்பாவும் கூட வந்தார். பவளம் என்றதும் கடைக்காரர் உள்ளே கூட்டிப்போய் ஒரு வாளியைக் காட்டினார். கிளை கிளையாக, மான்கொம்பு மாதிரி. "உங்க ஊர்ப் பக்கத்து மால்தான், ராமேஸ்வரம்" என்றார் இந்தியில்.

அப்பா குனிந்து பார்த்தார். "இது நம்ம ஆச்சி வீட்டுச் சொவர்லே இருக்கும்லே" என்றார்.

உண்மைதான். ஆச்சி வீட்டுப் பின்சுவர் இடிந்தபோது உள்ளே பூப் பூவாக ஓட்டை போட்ட கல் கிடந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தீவுகளைச் சுற்றி வெட்டி, படகில் ஏற்றி வருவார்கள். வீட்டுக்கும் போகும், சுண்ணாம்புக்கும் போகும். அது உயிருள்ளது என்று யாரும் யோசிக்கவில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள். 1986ல் கடல் தேசியப் பூங்கா ஆனது. அதில் இரண்டு தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கள் ஊருக்கு எதிரே உள்ள வான் தீவு தேய்ந்து தேய்ந்து, 2015க்குப் பிறகு அதைச் சுற்றிக் கான்கிரீட் பார்கள் இறக்கவேண்டி வந்தது. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பவளத்தை வெட்டினோம், அலை தீவைத் தின்றது.

2001ல் கல் பவளம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலி இருக்கிற அட்டவணை. வீட்டில் வைத்தால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. செத்த பவளமும் அதில் சேர்த்திதான். சட்டத்தில் பேர் வராத மெத்தென்ற வகைகளும் இருக்கின்றன என்று கடைக்காரர் வாதாடினார். இருக்கலாம். எது எது என்று பார்த்துச் சொல்கிற கண் எனக்கு இல்லை. அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் ரசீது கொடுக்க அவரிடமும் இல்லை. வெளியே வந்துவிட்டோம்.

வீட்டில் மகளுக்குச் சொன்னபோது அவளுக்கு முகம் சுருங்கியது. "அப்ப இது ரீஃபே இல்ல." நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "ஏட்டி, ஒன் பூட்டன் அத வெட்டி வீடு கட்டுனாரு. நீ அத வெட்டாம ஒரு தொட்டி கட்டு."

இந்த முடிவால் இன்னொரு நன்மை. பவளத்தின் உடம்புக்குள் பாசி குடியிருக்கிறது, அதுக்குத்தான் அத்தனை வெளிச்சம். பவளம் இல்லையென்றால் நாலாயிரம் ரூபாய் லைட்டே போதும். கால்சியம் சொட்டு சொட்டாக விடுகிற கருவியும் வேண்டாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பத்து சதவிகிதம் தண்ணீர் மாற்றினால் ஆச்சு. பெரிய லைட்டை வந்த விலைக்கு விற்று சில்லர் காசில் சேர்த்தேன். கல்லெல்லாம் பீங்கானில் செய்தது. ஆறு மாசத்தில் அதன் மேல் ஊதா நிறத்தில் ஒரு பூச்சு படர்ந்து, செய்த கல் என்று தெரியவே இல்லை.

மீன்? பண்ணையில் பொரித்த கோமாளி மீன் இரண்டு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்கிற வித்தையைச் செய்து காட்டியிருக்கின்றன. அப்படிப் பிறந்த மீனுக்குக் கடல் சாமந்தி இல்லாமலும் பழகிவிடும். கடையில் கேட்கும்போது "கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா?" என்று ஒரு கேள்வி கேளுங்க. பதில் தடுமாறினால் திரும்பிவிடுங்க.

மொத்தம் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ஆனது, கரண்ட் பில் தனி. ட்ரெட்மில்லை விற்றாச்சு என்பதைத் தங்கமணி சார்பில் தெரிவித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு செலவழித்து நான் தெரிந்துகொண்டது இதுதான். சூடு, உப்பு, மூச்சு, அழுக்கு, அலை, இத்தனைக்கும் ஒவ்வொரு கருவி வாங்கி, பன்னிரண்டு பிளக் சொருகி, 190 லிட்டரை நான் காப்பாற்றுகிறேன். ஊரில் இதையெல்லாம் கடல் சும்மா செய்துகொண்டிருந்தது. அதுவும் இப்போது முடியாமல் திணறுகிறது. 2016ல் தண்ணீர் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்துச் செத்தது. என் தொட்டிக்குச் சில்லர் உண்டு. அதுக்கு?

மீன் இரண்டும் நன்றாக இருக்கின்றன. போன ஏப்ரலில் ஒரு நாள் ஐந்து மணி நேரம் கரண்ட் போனது. நாங்கள் ஊரில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பையன் போனில் படம் பிடித்து அனுப்பினான். இருட்டில் ஏர் பம்ப் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் இரண்டும் நின்றன. மகள் அந்தப் படத்தைத் தாத்தாவிடம் ஓடிப்போய்க் காட்டினாள்.

இப்போதெல்லாம் அப்பா போன் பண்ணினால் சாப்பிட்டியா என்று கேட்பதில்லை. "தண்ணி என்ன டிகிரிலே?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

மூணரைப்பா, என்கிறேன்.